லயத்துச் சுவரில் ஒரு குயில்

நாளிதழின் செய்தி மேசையில் நான் அமர்ந்திருந்த ஆண்டுகளில், தோட்டப்புறங்களிலிருந்து பூச்சிகளைப் பற்றி வரும் செய்தி ஒரே ஒரு வகைதான். ‘குளவிக்கொட்டுக்கு இலக்காகிய தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி’. தோட்டத்தின் பெயரையும் பாதிக்கப்பட்டோரின் எண்ணிக்கையையும் மாற்றிக்கொண்டால், சென்ற மாதத்துத் தலைப்பையே இந்த மாதமும் பயன்படுத்தலாம். பயன்படுத்தியும் இருக்கிறோம். கொட்டியவற்றுள் பல குளவிகளே அல்ல. பாறைமுகடுகளிலும் உயர்ந்த மரக்கொம்புகளிலும் பெரிய ஒற்றை அடை கட்டி வாழும் மலைத்தேனீக்கள். உயிரைப் பறித்த பூச்சியின் பெயரைக்கூடச் சரியாக அச்சிட வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

இன்று நான் எழுத முற்படுவது, எவரையும் வைத்தியசாலைக்கு அனுப்பாத, அதனாலேயே எந்தப் பத்திரிகையிலும் இடம்பெறாத ஒரு தேனீயைப் பற்றி. ஆங்கிலத்தில் இதனைக் குயிலின் பெயரால் அழைக்கிறார்கள். நாமும் குயில் தேனீ என்றே வைத்துக்கொள்வோம். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. ஆகவே பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே இதன் தொழில் என்னவென்று வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள்.

சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பிறந்தேன். கீழே இறப்பர், மேலே தேயிலை, நடுவே லயங்கள். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவின் புறச்சுவர் கருங்கல்லும் மண்சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டது. மழை படாத மேற்பகுதியில், கற்களுக்கு இடைப்பட்ட மண்ணில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள் இருந்தன. காலை வெயில் ஏறியதும் அத்துளைகளுக்கு நீலப்பட்டைத் தேனீக்கள் வந்து போகும். வயிற்றில் நீல வளையங்கள், நெஞ்சில் பழுப்பு மயிர், காதருகே வந்தால் சிறு மோட்டார் ஓடுவது போன்ற இரைச்சல். இந்தக் கூட்டத்தினிடையே எப்போதாவது, ஆண்டுக்கு இரண்டொரு தடவை, வேறொன்று வரும். கன்னங்கரிய உடல், அதன்மேல் யாரோ தூரிகையால் தொட்டு வைத்தாற்போல் வெளிர்நீலப் பொட்டுகள். இரைச்சலின்றி, சுவரை ஒட்டித் தாழப் பறக்கும், நிற்கும், மீண்டும் பறக்கும். பூவுக்குப் போகும் அவசரம் அதனிடம் இருந்ததில்லை. அது யார் வீட்டு விருந்தாளி என்பது நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

உயிரியலாளர்கள் இதன் பேரினத்துக்கு இட்ட பெயர் தைரியஸ். கிரேக்க மொழியில் நீண்ட கேடயம் என்று பொருள். முதுகின் பின்புறத்தில் கேடயம் போன்ற தட்டையான தகடொன்று இடைக்கு மேலாக நீண்டு நிற்பதால் அப்பெயர். அந்தக் கேடயத்துக்குத் தேவையும் இருக்கிறது. நீலப்பட்டைத் தேனீயின் பெண் தனித்து வாழ்வது. அதற்கு ராணியும் இல்லை, வேலைக்காரிகளும் இல்லை. மண்ணைத் தானே குடைந்து, உள்ளே குடம் போன்ற சிற்றறைகளைச் செய்து, ஈரம் புகாதபடி தன் உடலில் சுரக்கும் மெழுகுப் பொருளால் உட்புறத்தைப் பூசி, மகரந்தத்தையும் மலர்த்தேனையும் குழைத்துக் கஞ்சி போலாக்கி நிரப்பி, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மண்ணால் மூடி முத்திரை வைக்கிறது. ஓர் அறைக்கு ஒரு பிள்ளை. இவ்வளவையும் ஒரே தாய் செய்து முடித்தபின் அடுத்த அறைக்கான மகரந்தம் தேடிப் போகும் வேளையில்தான் கரிய விருந்தாளி உள்ளே நுழைகிறது.

தைரியஸின் கிளைக்குழுவைச் சேர்ந்த தேனீக்கள் மூடிய அறையைக் குறிவைப்பவை. மூடியில் சிறு துளையிட்டு, அதன் வழியே உட்சுவரில் தன் முட்டையை ஒட்டிவைத்து, துளையை மறுபடியும் அடைத்துவிட்டு வெளியேறும். வீட்டுக்காரி திரும்பி வரும்போது எல்லாம் வைத்தது வைத்தபடியே இருக்கும். உள்ளே குயிலின் முட்டை பொரிக்கிறது. முதல் பருவத்துக் குடம்பி, அதாவது புழு, அரிவாள் போல் வளைந்த கூரிய தாடைகளுடன் பிறக்கிறது. அந்த ஆயுதம் உண்பதற்கன்று. வீட்டுக்காரியின் முட்டையையோ குஞ்சுப் புழுவையோ தேடிக் கொல்வதற்கே. கொலை முடிந்து தோலுரித்த பின் அரிவாள் மறைந்துவிடுகிறது. அதன்பின் அமைதியான, கொழுத்த ஒரு சாதாரணப் புழு, வேறொருத்தி சேர்த்து வைத்த கஞ்சியைத் தின்று வளர்ந்து, ஒரு நாள் கருநிறச் சிறகுகளோடு துளையிலிருந்து வெளிவருகிறது. நம்முடைய கறுப்புக் குயில் இவ்விடயத்தில் எவ்வளவோ மேல். அதன் குஞ்சு காக்கைக் குஞ்சுகளோடு ஒரே கூட்டில் வளர்வதும் உண்டு. தேனீக் குயிலின் வீட்டில் அந்தச் சமரசத்துக்கு இடமில்லை.

பிடிபட்டால் என்னவாகும் என்று கேட்கலாம். கொட்டு விழும். அதற்காகவே இதன் மேலோடு தடித்துக் குழி குழியாக இருக்கிறது. ஆனால் பிறர் உழைப்பில் வாழத் தொடங்கியதற்கு இது கொடுத்த விலையும் உண்டு. மகரந்தம் சுமக்கும் தூரிகை மயிர்கள் இதன் கால்களில் இல்லை. மகரந்தம் சேர்த்துப் பிள்ளை வளர்க்க இனி விரும்பினாலும் முடியாது. தனக்குக் கூடும் இல்லை. அந்தி சாய்ந்ததும் ஏதேனும் காய்ந்த குச்சியின் நுனியைத் தாடையால் கௌவிக்கொண்டு, கால்களை மடக்கி, அந்தரத்தில் தொங்கியபடி உறங்குகிறது. நீலப்பட்டை இனத்தின் ஆண்களும் அப்படியே குச்சிகளில் வரிசையாகத் தொங்கி உறங்கும். பகலில் ஒருவர் வீட்டை மற்றவர் கொள்ளையிடும் இரு குலத்தாரும் இரவில் ஒரே மாதிரியாகத் தூங்குவதைச் சிறுவயதில் நான் அறிந்திருந்தால், அந்தப் பக்கம் போவதையே விட்டிருப்பேனோ என்னவோ.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கும் அதிகம். அவற்றில் ஏறத்தாழ எட்டில் ஒன்று இப்படிப் பிறர் கூட்டை நம்பி வாழ்வது. 2010 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, தைரியஸும் சாதாரணத் தேனீயும் அடங்கிய குடும்பத்தில் இவ்வழக்கம் நான்கே நான்கு தடவைதான் தனித்தனியாகத் தோன்றியது என்றும், அவற்றுள் மூத்தது டைனோசர்கள் வாழ்ந்த காலத்தைச் சேர்ந்தது என்றும் கூறுகிறது. ஒருமுறை இந்த வழிக்கு வந்த குலம் மீண்டும் உழைத்துண்ணும் வாழ்வுக்குத் திரும்பியதில்லை.

இனி இதன் வரலாற்றுக்கு வருவோம். வரலாறு என்றால் பூச்சியின் வரலாறு அல்ல. பூச்சியைப் பார்த்தவர்களின் வரலாறு.

இப்பேரினத்தைச் சேர்ந்த தென்னாசிய இனமொன்றுக்கு டென்மார்க்கைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ் 1775 ஆம் ஆண்டிலேயே ‘ஹிஸ்ட்ரியோ’ என்று பெயரிட்டார். நடிகன் என்பது பொருள். 1806 இல் ஜெர்மானியரான பான்சர் தைரியஸ் என்ற பேரினப் பெயரை வழங்கினார். ஆயினும் நூறாண்டுக்கு மேலாகக் குரோசிசா என்ற வேறொரு பெயரே புழக்கத்தில் இருந்தது. படைவீரராயிருந்து பர்மாவின் காட்டுத் திணைக்களத்துக்கு மாறிய சார்ல்ஸ் தோமஸ் பிங்ஹாம், பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்கள் பற்றிய தொகுதி வரிசையில் குளவிகளுக்கும் தேனீக்களுக்குமான நூலை 1897 இல் வெளியிட்டபோதும் குரோசிசா என்றே எழுதினார். இலங்கையும் அந்நூலின் எல்லைக்குள் அடங்கியது. 1905 இல் ஜெர்மனியின் தேனீ நிபுணர் ஹைன்ரிச் ஃபிரீசே இன்னோர் இனத்தை விவரித்து அதற்கு இத்தீவின் பெயரையே சூட்டினார். ‘சிலோனிக்கஸ்’ என்று இன்று வழங்குவது அதுதான். பெயர்தான் சிலோனுடையது, இனம் இத்தீவுக்கு மட்டும் உரியதன்று. பின்னர் 1921 இல் மேயர் என்பவர் மேலும் சில இனங்களைப் பிரித்தார். ஜாவாவின் போகோர் நூதனசாலையில் நெடுங்காலம் பணியாற்றிய ஒல்லாந்தர் லீஃப்டிங்க், 1962 இல் முழுக் குழுவையும் மீளாய்வு செய்து சிக்கலை அவிழ்த்தார். அவர் பெயரிட்ட இனங்களுள் ஒன்றின் பெயர் ‘சேர்னிகுலஸ்’. அது கரிச்சான் குயிலின் பேரினப் பெயர். ஒல்லாந்தருக்கும் நகைச்சுவை உண்டு.

கவனியுங்கள்: மேற்கண்டவர்கள் எல்லோரும் பெயர் வைத்தது ஊசியில் குத்தப்பட்ட உலர்ந்த உடல்களைப் பார்த்து. அதில் தவறொன்றும் இல்லை. அதுவே அத்துறையின் முறை. நான் சொல்ல வருவது வேறு. 1897 என்றால் நம்முடைய தோட்டங்களில் என்ன காலம்? கோப்பி இலைநோயால் அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துவிட்டது. 1876 இல் ஹெனரத்கொடையில் வந்திறங்கிய இறப்பர் நாற்றுகளின் பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகளில் கேகாலையையும் இரத்தினபுரியையும் மூடப் போகின்றன. இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் என்று பல பக்கங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே வந்த நம் முன்னோர் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் காடு வெட்டி, கான் வெட்டி, லயம் கட்டிக் குடியேறிக்கொண்டிருக்கிறார்கள். அதே ஆண்டுகளில் தோட்டத்துரைமார் சிலர் வலையும் கையுமாகத் திரிந்தார்கள். பூண்டுலோயாவில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து பிற்பாடு அரச பூச்சியியலாளராக உயர்ந்த ஏர்னஸ்ட் கிரீன் அவர்களுள் தலையாயவர். அவர்கள் பிடித்த பூச்சிகளுக்கு இடம், நாள், பிடித்தவர் பெயர் எழுதிய சிறு சீட்டு உண்டு. அந்தச் சீட்டு இன்றும் இலண்டனில் இருக்கிறது. அந்தப் பூச்சி குடியிருந்த சுவருக்குள் குடியிருந்தவர்களுக்கு என்ன சீட்டு இருந்தது? செக்ரோலில் ஒரு வரி. அதுவும் அன்றைய பேர் போடுவதற்காக.

இதை ஒரு குறையாக மட்டும் சொல்லவில்லை. அறிவுக்கும் இதனால் நட்டம். பூச்சியோடு ஒரே சுவரில் ஆயுள் முழுவதும் வாழ்ந்தவர்களிடம் எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

‘ஒட்டுண்ணி’ என்ற சொல்லைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. பத்திரிகைக்காரர்கள் மிகச் சுலபமாக எடுத்து வீசும் சொல் அது. நானும் தலையங்கங்களில் வீசியிருக்கிறேன், பெரும்பாலும் அரசியல்வாதிகள் மீது. ஆனால் பிறர் கூட்டில் வந்து புகுந்தவர்கள் என்ற பேச்சு இந்த நாட்டில் வேறொரு கூட்டத்தாரின் மீதும் வீசப்பட்டது. மலையகத்துக்கும் சப்ரகமுவத்துக்கும் வந்து கூடுகளைக் கட்டியவர்களே நாங்கள்தான் என்பதை மறந்து, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 975,000 பேர் கணக்கிடப்பட்டு, 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம், மீதி பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரிக்கப்பட்டார்கள். என் தாய்வழி மாமன் ஒருவர் அந்தப் பக்கம் போனார். எஞ்சியோருக்கான சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது. மண்ணைக் குடைந்து, அறை கட்டி, நிரப்பி மூடியவர்கள் யார், மூடிய அறையைத் திறந்து எடுத்துக்கொண்டவர்கள் யார் என்று நீலப்பட்டைத் தேனீயிடம் கேட்டால் அது ஒரு விடை சொல்லக்கூடும். ஆனால் உவமையை அதற்குமேல் இழுப்பது பூச்சிக்குச் செய்யும் அநீதி. தைரியஸ் எந்தச் சட்டமும் இயற்றவில்லை. தன் பாட்டன் வாழ்ந்தபடி வாழ்கிறது, அவ்வளவே.

ஊசியில் குத்திய உடலுக்கு அப்பால், உயிரோடு இருக்கும் பூச்சியைப் பார்ப்பதற்காக ஆட்கள் வந்தது மிகவும் பிந்தித்தான். 1962 இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு தீவைச் சுற்றிச் சேகரித்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இலங்கைப் பூச்சிகளுக்கென்றே பெருந்திட்டமொன்றைத் தொடங்கியது. அதன் முன்னின்றவர் கார்ல் குரோம்பைன். துளையிட்ட மரக்குச்சிகளைப் பொறியாக வைத்து, தனித்து வாழும் குளவிகளையும் தேனீக்களையும் அவற்றில் குடியேற வைத்து, அவற்றின் குடும்ப வாழ்வையும் அவற்றைக் கொள்ளையிடும் ஒட்டுண்ணிகளையும் பதிவு செய்தவர். 1967 இல் அதைப் பெரிய நூலாக வெளியிட்டவர். அவர் நம் மாகாணத்துக்கு வந்தார். இரத்தினபுரி மாவட்டத்தில் சிவனொளிபாதமலைக்கு ஏறும் வழியிலுள்ள கிலிமலை, வரண்ட பக்கத்து உக்கல்கல்தொட்டை, கேகாலை மாவட்டத்தின் கித்துள்கலை ஆகிய இடங்களின் பெயர்கள் அத்திட்டத்தின் சீட்டுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. கொழும்பு நூதனசாலையின் பி. பி. கருணாரத்ன முதலான உள்ளூர் உதவியாளர்களின் பெயர்களையும் சேகரித்தவர்கள் என்ற இடத்தில் தம் பெயருக்கு அருகிலேயே குரோம்பைன் எழுதினார். துரைமார் காலத்துச் சீட்டுகளோடு ஒப்பிட்டால் இது சிறிய மாற்றமன்று.

கிலிமலைக் காட்டில் அவருக்கும் அவருடைய சகா பெத் நோர்டனுக்கும் கிடைத்த பரிசைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அங்குள்ள ஒரு சிறுமரத்தின் தண்டுக் கணுக்களுக்கிடையே இயற்கையாகவே உள்ளீடற்ற அறைகள் உண்டு. எறும்புகள் அவற்றில் குடியிருக்கும். அவ்வறைகளில் ஒரு குளவியைக் கண்டார்கள். அதன் உறவுக் குளவிகள் எல்லாம் பூச்சிகளை வேட்டையாடிப் பிள்ளைகளுக்கு ஊட்டுபவை. இது மட்டும் மகரந்தம் ஊட்டி வளர்க்கிறது. புலிக் குடும்பத்தில் ஒரு சைவர்! பெல்ஜியத்து அறிஞர் லெக்லேர்க் அதற்கு இருவர் பெயரையும் இணைத்துக் குரோம்பைனிக்டஸ் நோர்டனே என்று பெயரிட்டார். 1990களில் வெளிவந்த செய்தி இது. இரத்தினக்கல்லுக்காக மட்டுமே நாம் அறிந்த மாவட்டத்தின் ஒரு காட்டுத் தண்டுக்குள், உலகத்தார் வியந்த ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. அக்காலத்தில் நான் இருந்த பத்திரிகையில் அது ஒரு வரியாகக்கூட வரவில்லை.

அதன்பின் பொறுப்பை ஏற்றவர்கள் நம் நாட்டவர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஜயந்தி எதிரிசிங்கவும் இனோகா கருணாரத்னவும் பல ஆண்டுகள் ஈரவலயம், உலர்வலயம் என்று திரிந்து, 2006 இல் இலங்கைத் தேனீக்களின் திருத்திய பட்டியலை வெளியிட்டார்கள். நான்கு குடும்பங்கள், ஏறத்தாழ 150 இனங்கள். தேன் எடுப்பவர்களும் கொட்டு வாங்குபவர்களும் அறிந்தவை அவற்றுள் நான்கைந்துதான். மற்றவையெல்லாம் மண்ணிலும் மரத்திலும் தனித்து வாழ்பவை; அவற்றோடு அவற்றின் குயில்கள். 2012 ஆம் ஆண்டின் தேசியச் செந்நூலில் அருகிவரும் உயிர்களை மதிப்பிட்டபோது தேனீக்களுக்கும் இடம் கிடைத்தது.

இனி, ஒட்டுண்ணி போனால் என்ன, நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு தோட்டக் கதை. இதில் வருவது குயில் தேனீயன்று. புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் ஒரு சிறு குளவி. தேயிலை இலைகளைச் சுருட்டித் தின்னும் அந்துப்பூச்சி ஒன்று இலங்கைத் தோட்டங்களை நெடுங்காலம் வதைத்தது. 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார், ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்ற அந்தச் சிறு குளவியை 1935, 36 ஆம் ஆண்டுகளில் கொண்டுவந்து விட்டார்கள். குளவி பரவியது, அந்துப்பூச்சி அடங்கியது. உலகப் பூச்சியியல் நூல்கள் எடுத்துக்காட்டாகச் சொல்லும் வெற்றிகளுள் ஒன்று அது. பின்னர், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற நஞ்சை அடித்தார்கள். வண்டு செத்ததோ இல்லையோ, குளவி செத்தது. அடங்கியிருந்த அந்துப்பூச்சி மீண்டும் பெருகியது. தோட்ட நிர்வாகம் ஒட்டுண்ணியின் பெறுமதியைப் பணமாகக் கணக்கிட்டுப் பார்த்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நாட்டுக் கிளை இரத்தினபுரி சென்ட் ஜோக்கிம் தோட்டத்தில் இருக்கிறது. நம் மாகாணத்துத் தோட்டக்காரர்களுக்கு இந்தப் பாடம் தொலைவில் இல்லை.

குயில் தேனீ அப்படி எவருக்கும் காசு ஈட்டித் தராது. தேயிலைப் பூவுக்குக்கூட அதனால் பயனில்லை. பயன் வேறு வகையானது. அதன் வீட்டுக்காரியான நீலப்பட்டைத் தேனீயை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரி, தக்காளி இனங்களின் பூவில் மகரந்தம் உப்புக் குப்பியில் இருப்பதுபோல் குழாய்க்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்தால்தான் அது கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைக்குத் தெரியும். லயத்து வாசலில் நாலு கத்தரிச் செடி காய்ப்பதில் அதற்குப் பங்குண்டு. அந்த வீட்டுக்காரி ஓரிடத்தில் ஆண்டுதோறும் தவறாமல், கொள்ளை கொடுத்தும் மிஞ்சும் அளவுக்குப் பெருகியிருந்தால்தான் குயில் அங்கே பிழைக்க முடியும். வீட்டுக்காரி குறைந்தால் முதலில் மறைவது குயில். ஆகவே குயில் தென்படும் இடத்தில் தேனீக் குடி நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம் என, கனடிய ஆய்வாளர் கோரி ஷெஃபீல்டும் சகாக்களும் 2013 இல் எழுதினார்கள். மின்விளக்கு எரிகிறதா என்று பார்த்து மின்சாரம் இருப்பதை அறிவதுபோல.

அப்படியானால் நம் தோட்டங்களில் விளக்கு எரிகிறதா? தேயிலை நிரைகளுக்கிடையே முன்பு மண்வெட்டியாலும் கையாலும் களையெடுத்தார்கள். கான் ஓரங்களில் துளசி, தும்பை, சீமை நாயுருவி என்று ஏதாவது பூத்துக்கொண்டே இருக்கும். பின்னர் களைநாசினி வந்தது. கிளைபோசேட்டை 2015 இல் தடை செய்தார்கள்; 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள்; 2021 இல் இரசாயன உரம், நஞ்சு எல்லாவற்றையும் ஒரே இரவில் நிறுத்துவதாக அறிவித்து, அதே ஆண்டிலேயே பின்வாங்கினார்கள். கொழும்பில் எடுத்த இம்முடிவுகளைப் பற்றி எழுதப்பட்ட பத்திகள் எத்தனை ஆயிரம்! கான் ஓரத்துத் தும்பையைப் பற்றி எழுதப்பட்டது ஒன்றும் என் கண்ணில் படவில்லை. சுவர்களும் மாறிவிட்டன. மண்சாந்து போய்ச் சீமெந்து வந்தது. அதற்காக நான் வருந்தப் போவதில்லை. ஈரச் சுவரில் சாய்ந்து படுத்து நெஞ்சுச்சளியோடு வளர்ந்தவன் நான். பூச்சிக்காக மனிதர்கள் மண்சுவருக்குள் இருக்க வேண்டும் என்று சொல்பவர் எவராயினும் ஒரு மாரிகாலம் அங்கே வந்து இருந்து பார்க்கட்டும்.

சென்ற ஆண்டு, பெரிய மழை தொடங்குவதற்கு முன்பு, பிறந்த தோட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் காம்பராவில் இப்போது வேறு குடும்பம். கடைசிக் காம்பராவில் மட்டும் அதே அக்கா. கொழுந்து பறிப்பதிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவர். புறச்சுவர் அப்படியே இருந்தது, துளைகளும் இருந்தன. வேலியோரத்துக் காய்ந்த குச்சியொன்றில், மாலை வெயிலில், கரிய உடலும் நீலப் பொட்டுகளுமாக ஒன்று தாடையால் கௌவித் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நேரில் காண்கிறேன். அக்காவை அழைத்துக் காட்டி, இது என்ன பூச்சி தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாமலா? இதுக்கு வேலவெட்டி ஒண்ணும் கெடையாது தம்பி. மத்தது மண்ணு தோண்டும், பூவுக்குப் போகும், வரும். இது செவத்தையே பாத்துக்கிட்டு நிக்கும். அது அந்தப் பக்கம் போனதும் இது உள்ள பூந்துரும். நான் எத்தனையோ வருஷமாப் பாக்குறேன்.”

ஊசியும் நுண்பெருக்கியும் கொண்டு ஒரு நூற்றாண்டாக எழுதப்பட்டதன் பாதியை அவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தே அறிந்திருந்தார். இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் என்ன என்று கேட்டேன்.

“பேரு வைக்க நமக்கெங்க தம்பி நேரம்? விடிஞ்சா பெரட்டு.”

மருமகன் பத்து மூட்டை சீமெந்து வாங்கி வைத்திருப்பதாகவும், சித்திரைக்கு முன் புறச்சுவர் முழுவதையும் பூசிவிடப் போவதாகவும் சொன்னார். நல்லது என்றேன். இந்தத் துளைகள் அடைபட்டுவிடுமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன் போலும். அவர் சிரித்துக்கொண்டே என்னைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, லயத்துக்குக் கீழே பாதை வெட்டிய இடத்துச் செம்மண் சரிவைக் காட்டினார். அங்கே பத்துப் பதினைந்து புதிய துளைகள். நீலப்பட்டைக்காரிகள் இரண்டு மூன்று அன்றைய கடைசிச் சுமையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தன. பொட்டிட்டது ஏதும் அந்தச் சரிவுக்கு வருகிறதா என்று பார்க்கக் கொஞ்ச நேரம் நின்றோம். அதற்குள் மழை வந்துவிட்டது.